மூன்றாவது தந்தி

பெடல் ஸ்டீல் கிட்டாரில் பத்துத் தந்திகள். அவற்றில் அடிக்கடி அறுவது எது என்று வாசிக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மூன்றாவது. ஈ-நைன் என்று அவர்கள் சொல்லும் சுருதியமைப்பில் அதற்கு ஜி ஷார்ப். தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொரு பங்கு, அதாவது 0.28 மில்லிமீட்டர். வாத்தியத்திலேயே மிக மெலிந்தது அதுதான். 24 அங்குல நீளத்தில் அந்தச் சுருதிக்கு ஏற்றிக் கட்டினால் ஏறக்குறைய பன்னிரண்டரை கிலோ எடையைத் தொங்கவிட்ட இழுப்பு அதில் நிற்கும். மிதியைக் காலால் அழுத்தினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும், இழுப்பு 14 கிலோ ஆகும். காலை எடுத்தால் பழையபடி பன்னிரண்டரை. ஒரு பாட்டுக்குள் இப்படி எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று வாசிக்கிறவர் கணக்கு வைப்பதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த வாத்தியத்தைச் சொல்லக் கோட்டுவாத்தியத்திலிருந்து தொடங்குவதுதான் வசதி. இதிலும் மெட்டை விரல் தொடாது. இடது கையில் வழுவழுப்பான உருளை ஒன்றைப் பிடித்துத் தந்திமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். திருவிடைமருதூர் சகாராம ராவ், கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார், அவர் பேரன் ரவிகிரண் என்று நம் பக்கத்தில் அதற்கு ஒரு வரிசை உண்டு. கோட்டுவாத்தியத்தில் கமகம் முழுக்க உருளையின் நகர்வில் பிறக்கிறது. தந்தியின் இழுப்பு அநேகமாக மாறுவதில்லை. வீணையில் அப்படியல்ல. சாரணியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்தால்தான் கமகம். ஒவ்வோர் அசைவுக்கும் தந்தி உழைக்கிறது. பெடல் ஸ்டீல் இந்த இரண்டு வழியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது: கை வழுக்குகிறது, கால் இழுக்கிறது.

ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவிலிருந்து கப்பலேறி ஊர் ஊராகப் போன வாத்தியம். 1940களில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோ கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். 1967இல் சிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் சேர்ந்து செய்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு இன்றும் விற்கிறது. இவை எல்லாம் மிதி இல்லாத வகை. மிதி வைத்த வகை அமெரிக்கக் கிராமியப் பாட்டுக்காரர்களின் கையில் வளர்ந்தது. ஒரு சுருதியமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ மட்டுமே முதலில் மிதியைப் பயன்படுத்தினார்கள். 1954இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பெரிய வெற்றி பெற்றது. அந்தப் பாட்டில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி ஸ்வரத்தை வளைத்தார். கேட்டவர்கள் எல்லாரும் அதையே வாசிக்க ஆசைப்பட்டார்கள். தந்தி அறுகிற தொல்லையும் அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் பெருகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் ஜிம் ரீவ்ஸ் பாடல்கள் ஓயாமல் ஓடிய காலம் ஒன்று உண்டு. அந்தத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்குப் பின்னணியில் இழையும் ஸ்டீல் கிட்டாரின் ஒலி பழக்கம். வாத்தியத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சொற்பம். நான் பார்த்தது அத்திப்பட்டுப் புதுநகரில். ‘சிட்டிசன்’ படத்தில் காணாமல் போன ஊர் அத்திப்பட்டி. இது கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் எண்ணூரை அடுத்து வரும், காணாமல் போகாத அத்திப்பட்டு. கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ராயபுரத்துக்காரர் ஒருவர் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறார். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழையதாக வாங்கிய பெடல் ஸ்டீல் அவர் முன்னறையில், மேசை போல நான்கு காலில் நிற்கிறது. மேலே பழைய வேட்டி ஒன்று போர்த்தியிருக்கும்.

வேட்டி அலங்காரத்துக்கு அல்ல. ஒரு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் வல்லூர் அனல்மின் நிலையம், கிழக்கே காமராஜர் துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரி, நடுவில் உப்பளங்கள். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலை வைத்தால் கறுப்பு ஒட்டும். சாம்பலில் சிலிக்கா உண்டு, அது அலுமினியத்தை அரைக்கும். உப்புக்காற்று எஃகை அரிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் 0.28 மில்லிமீட்டர் கம்பியைக் காப்பாற்ற வேண்டும்.

வாத்தியத்தின் வலது ஓரத்தில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே தந்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுமினிய விரல். அதன் தலை உருண்டையாக வளைந்திருக்கும். தந்தியின் முனையில் கோத்த சிறு பித்தளைக் குமிழ் கீழே ஓர் ஆணியில் மாட்டிக்கொள்ள, தந்தி அந்த உருண்டைத் தலைமேல் ஏறி இடப்பக்கம் போகிறது. மிதியை அழுத்தினால் அடியிலுள்ள கம்பி அந்த விரலை இழுக்கும், விரல் துளி அளவு சுழலும், தந்தி இறுகும். சுழலும்போது தலையை ஒட்டி நேராக நின்ற தந்தியின் ஒரு சிறு துண்டு அதன் வளைவில் படிந்து மடியும். காலை எடுத்தால் மறுபடி நிமிரும். தந்தி முழுவதும் ஒரே இழுப்பைத்தான் தாங்குகிறது. மடிந்து நிமிர்வது மட்டும் அந்தச் சிறு துண்டில் நடக்கிறது. அறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தடித்த தந்தி போட்டால் தீர்ந்தது என்று யாருக்கும் முதலில் தோன்றும். கணக்கு வேறு மாதிரி. அதே நீளத்தில் அதே சுருதிக்கு வர, தடித்த தந்தியை அந்தத் தடிப்புக்குத் தக்கபடி அதிகமாக இழுக்க வேண்டும். சதுர மில்லிமீட்டருக்கு விழும் சுமை மாறவே மாறாது. அந்தச் சுமை 200 கிலோவுக்கு மேல். வீடு கட்டப் போடும் எஃப்இ 500 கம்பி சுமார் 51 கிலோவிலேயே நெகிழத் தொடங்கிவிடும். போதாததற்கு, தடித்த கம்பி வளைவில் மடியும்போது அதன் மேல்தோல் இன்னும் அதிகமாக விரிகிறது. தடிப்பால் லாபம் இல்லை, நீளத்தால் உண்டு: 25 அங்குல வாத்தியத்தை 24 ஆக்கினால் சுமை நூற்றுக்கு எட்டு குறையும். ஆனால் வாங்கிவிட்ட வாத்தியத்தின் நீளத்தை யார் மாற்றப் போகிறார்கள்?

சுமையால் அறுவது வேறு, மடிந்து மடிந்து அறுவது வேறு என்பது உலகத்துக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஜெர்மனியின் கிளவுஸ்தால் சுரங்கப் பகுதியில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி, தாதுவைத் தூக்கும் சங்கிலிகள் தாங்கக்கூடிய எடையிலேயே அறுவதைப் பார்த்தார். ஒரே சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் பொறி ஒன்றைச் செய்து சோதித்தார். 1834இல் சங்கிலிக்கு மாற்றாகக் கம்பிகளைத் திரித்து வடம் செய்தவரும் அவர்தான். ராயபுரத்திலிருந்து 1856இல் ரயில் புறப்பட்ட காலத்தையொட்டி, ஆகஸ்ட் வோலர் என்ற பிரஷ்யப் பொறியாளர் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எஃகை ஒரு வரம்புக்குக் கீழே எத்தனை தரம் மடித்தாலும் தாங்கும், வரம்புக்கு மேலே போனால் தரங்களுக்கு ஒரு கணக்கு உண்டு என்பது அவர் வேலையிலிருந்து வந்த அறிவு. அந்த வரம்பும் உலர்ந்த காற்றுக்குத்தான். உப்பு ஈரத்தில் துரு குழி பறிக்கும், குழியிலிருந்து விரிசல் தொடங்கும். வரம்பு என்று ஒன்றே இல்லாமல் போகும். எண்ணூர்க் கடற்கரையில் இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை, வீட்டு கேட்டைப் பார்த்தால் போதும்.

இதைக் கையால் செய்து காட்டியவர் துறைமுக ஒப்பந்த வேலையில் ரிக்கராக இருக்கும் அண்ணன் ஒருவர். பளு தூக்கும் வடத்தை அவர் வெறுங்கையால் தடவ விடமாட்டார். “கைய வைக்காதீங்க சார், ஊசி மாதிரி ஏறிடும்” என்று சொல்லிவிட்டு, பிடி அளவு காட்டன் வேஸ்ட்டை வடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். கிரீஸ் படிந்த வடத்தில் பஞ்சு வழுக்கிக்கொண்டே போயிற்று. கப்பியில் ஏறி இறங்குகிற பகுதி வந்ததும் ஓர் இடத்தில் ஒரு நூல் மாட்டி நின்றது. குனிந்து நகத்தால் கிரீஸை விலக்கினார். முடி போல ஒரு கம்பி முனை நிமிர்ந்திருந்தது.

“ஒண்ணு போயிருக்கு சார்.”

“ஒண்ணு போனா என்னண்ணே? ஆறு புரி, புரிக்கு முப்பத்தாறு கம்பி. மிச்சம் இருநூத்திப் பதினஞ்சு இருக்கே?”

“மூணு மாசத்துக்கு ஒரு தபா பாத்துனு இருந்தோம். ஒண்ணு போயிட்டா இனிமே மாசா மாசம் பாக்கணும். இருக்கறத எண்ணக் கூடாது சார், போனதத்தான் எண்ணணும்.”

அவர் சொன்னது அனுபவம் மட்டுமல்ல, சட்டமும்கூட. துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கான 1990ஆம் ஆண்டு விதிகளின்படி, வடத்தின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்தில் கண்ணுக்குத் தெரியும்படி அறுந்த கம்பிகள் மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த வடத்தைப் பயன்படுத்தக் கூடாது. 20 மில்லிமீட்டர் வடமென்றால் 160 மில்லிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. அந்த ஒரு சாணுக்குள் இருபத்திரண்டு கம்பி அறுந்திருந்தால், மற்ற இடமெல்லாம் புதிது போல இருந்தாலும், இன்னும் பளுவைத் தூக்கினாலும், வடத்தைக் கழிக்க வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றை வேலை செய்யும்போதே ஓய்வு கொடுத்து அனுப்பச் சொல்லும் விதி இது. நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்த வாசகம் இதுதான். கவிதைத் தொகுப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

வடத்துக்கு அந்தச் சலுகை உண்டு, அறுவதற்கு முன் தகவல் கொடுக்க அதற்கு இருநூறு கம்பி இருக்கிறது. மூன்றாவது தந்தி ஒற்றைக் கம்பி. அது தகவல் கொடுப்பதும் அறுவதும் ஒரே கணத்தில். ஆகவே அறுந்த பிறகு படிப்பது ஒன்றுதான் வழி, அதைப் புதுநகர் நண்பர் ஒழுங்காகப் படிக்கிறார். அறுந்த தந்தியைத் தூக்கி எறிவதில்லை. துண்டு இரண்டையும் வெள்ளைத் தாளில் வைத்து வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார். விரலின் தலைமேல் அறுந்திருந்தால் தேய்வு. குமிழை ஒட்டிய முறுக்கில் அறுந்திருந்தால் தந்தி வரும்போதே கோளாறு, அல்லது மாட்டும் ஆணியில் கூர் இருக்கிறது. மறுமுனையில், முறுக்காணிப் பக்கம் என்றால் கட்டும்போது எங்கோ மடித்துவிட்டோம். இடப்பக்கத்தில் தந்தி ஏறிப் போகும் சிறு உருளையை ஒட்டி என்றால் உருளை சுற்றாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. “தம்பி, எங்க அறுந்துச்சுனு கேளு. ஏன் அறுந்துச்சுனு அதுவே சொல்லிடும்” என்பார்.

தலைமேல் அறுந்தது என்றால் அவர் செய்வது இவ்வளவுதான். தந்தியைக் கழற்றி, அலுமினியத் தலையில் சாய்வாக விளக்கைப் பிடிப்பார். எஃகு வருடக்கணக்கில் அழுத்தி உண்டாக்கிய பள்ளம் ஒரு கோடாகத் தெரியும். மிக நைசான எமரி தாளை விரலில் சுற்றி, தந்தி போகும் திசையிலேயே தேய்ப்பார். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு வெட்டாகிவிடும். பிறகு பிராசோ போட்டு முகம் தெரியும்வரை துடைப்பார். அதன்மேல் பஞ்சு நூலை இழுத்துப் பார்ப்பார். ரிக்கர் அண்ணனும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, சோதனை ஒன்றுதான். நூல் எங்கும் மாட்டாமல் வந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அதற்கு மேல் தந்தி. எண்ணெய் அதிகமானால் நிலக்கரித் தூள் வந்து ஒட்டிக் களிம்பாகிவிடும் என்பது அத்திப்பட்டு அவருக்குக் கற்றுக்கொடுத்த திருத்தம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து வேட்டியைப் போர்த்திவிடுவார்.

இதெல்லாம் தந்தியின் ஆயுளை நீட்டும். அறுவதைத் தடுப்பது இன்னொன்று: அறுவதற்கு முன்பே கழற்றிப் போடுவது. அவர் வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. சிலிண்டர் வந்த தேதியில் ‘சி’ என்றும், மூன்றாவது தந்தி மாற்றிய தேதியில் ‘3’ என்றும் பென்சிலால் எழுதியிருக்கும். அடுத்த ‘3’ வரும் நாளில், நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் தந்தியை மறுபேச்சின்றிக் கழற்றிவிடுகிறார். மேடையில் வாசிக்கும் பெடல் ஸ்டீல்காரர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். மூன்றாவது தந்தியை மட்டும் தனியாக டஜன் கணக்கில் வாங்கி வைக்கும் பழக்கம் அவர்களிடம் சாதாரணம்.

நமக்கு இது சுலபமாக மனசுக்கு ஒப்பாது. ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீணை உள்ள வீடுகளில் சாரணியை அறுந்தால் மாற்றுவதுதான் பெரும்பாலும் நடப்பு. கச்சேரி நடுவில் அறுந்தால் அபசகுனம் என்று முகத்தைச் சுளித்துக்கொள்வோம். நாகபாசத்தில் தந்தி மடியும் இடத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று கேட்டுக்கொள்ள மாட்டோம். ஆனால் நம் மரபு எப்போதும் இப்படி அசட்டையாக இருந்ததில்லை. யாழ் நரம்புக்குப் பழைய நூல்கள் நான்கு பகைகளைச் சொல்கின்றன. கோணலாகத் திரிந்த கொடும்புரி ஒன்று. நரம்போடு சேர்ந்து திரிந்துவிட்ட மயிர் இன்னொன்று. பிசிறாக நிற்கும் தும்பும், மிதமிஞ்சி ஏறிய முறுக்கும் மற்ற இரண்டு. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைத்த யாழ்களை வாசிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகக் குறை சொல்லி ஒதுக்குகிறான். இது நீரில் கிடந்து ஊறிய மரம், இது நெருப்புப் பட்டது என்று மரத்தில் தொடங்கி நரம்புக்கு வந்து, புரியைப் பிரித்து உள்ளே இருந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். வாசித்து வென்றதைவிட எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். அறும் என்று தெரிந்த நரம்பில் கை வைக்க அவன் தயாராக இல்லை.

அத்திப்பட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போது இன்னொரு நீண்ட வடம் கண்ணில் படாமல் இருக்காது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள், 210 மெகாவாட் வீதம், 1994இலிருந்து 1996க்குள் ஓடத் தொடங்கின. நிலக்கரி எரிந்த சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் பிடித்த இடம் மேடாகிவிட்டது. எண்ணூர் மீனவர்கள் வழக்குக்குப் போனார்கள். 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இந்த மாசுக்கு மின் உற்பத்திக் கழகம் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

சாம்பல் கரைசல் குழாயைத் தேய்ப்பதில் மர்மம் எதுவும் இல்லை. கனமான துகள் அடியில் உருண்டு போவதால் குழாயின் அடிப்பாகம் முதலில் தேயும்; வளைவுகளில் இன்னும் வேகமாகத் தேயும். இதற்கான வைத்தியமும் பொறியாளர்களுக்குப் பாடம்தான். குறித்த காலத்தில் குழாயை 120 பாகை திருப்பி வைத்தால் தேயாத பக்கம் அடிக்கு வரும். இப்படி மூன்று நிலை முடிந்ததும், ஓட்டை விழக் காத்திராமல், குழாயையே மாற்றிவிட வேண்டும். பஞ்சு நூல், பூதக்கண்ணாடி, பென்சில் குறி எல்லாம் சேர்ந்த அதே அறிவு. பிரச்சினை அறிவில் இல்லை. பளுத் தூக்கும் வடம் அறுந்தால் அடியில் நிற்பவன் கம்பெனியின் ஆள், இழப்பீடு கம்பெனியின் கணக்கு. குழாய் உடைந்தால் அடியில் இருப்பது ஆறு. ஆற்றுக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. ஆகவே உடைந்த பிறகு ஒட்டுப்போடுவதே பராமரிப்பு என்று ஆகிவிட்டது.

மின்வாரியத்தாரிடம் கேட்பது ஒன்றுதான். எந்தக் குழாய் எந்தத் தேதியில் திருப்பி வைக்கப்பட்டது, எந்தத் தேதியில் மாற்றப்படும் என்பதைச் செப்பாக்கத்திலும் மீனவர் ஊரான காட்டுக்குப்பத்திலும் எல்லாருக்கும் தெரியும்படி ஒரு பலகையில் எழுதி வையுங்கள். தேதி தவறினால் கேட்க ஊரில் ஆள் இருக்கிறது.